பஞ்சும் மூச்சும்



கோவை நகரின் வரலாற்றை எழுதுவோர் 1888ஆம் ஆண்டை மறவாது குறிப்பர். ஸ்டேன்ஸ் துரை இந்நகரின் முதல் நூற்பாலையைத் தோற்றுவித்த ஆண்டு அது. அதே ஆண்டில் நீலகிரி மலைமேல் நிகழ்ந்த வேறொரு செயலைப் பேசுவோர் அரியர். சென்னை அரசின் சிங்கோனா ஆய்வாளராக உதகையில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர், ஆடாதோடை இலையினின்றும் வாசிசின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்து அறிவித்தார். அடிவாரத்தில் பஞ்சுத் தூசி எழத் தொடங்கிய ஆண்டிலேயே, நெஞ்சுச் சளியை இளக்கும் மருந்துக்கு மலைமேல் வித்து ஊன்றப்பட்டது. தூசிக்கும் மருந்துக்கும் இடையே நம் தொழிலாளரின் மூச்சு பட்ட பாட்டையே இன்று கூற விழைகின்றேன்.

1932இல் பைக்காரா மின்சாரம் பிறந்தபின் கோவையைச் சுற்றி ஆலைகள் பெருகின. காட்டு வேலையை விட்டு வந்த உழவர் மக்கள் ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்தனர். ஊருக்குத் ‘தென்னாட்டு மான்செஸ்டர்’ என்னும் பெயர் வந்தது. அப்பெயரோடு மான்செஸ்டரின் நோயும் வந்தது. பஞ்சைப் பிரிக்கும் புளோரூமிலும், சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் நின்றவர்க்கே அது மிகுதி.

நோய் புதியதன்று. சணலும் ஆளியும் சிக்கெடுப்போர் இருமலால் வருந்துவதை இத்தாலிய மருத்துவர் ராமசீனி 1700இலேயே எழுதினார். 1831இல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் கே என்பார் நூற்பாலையாளரின் நெஞ்சு நோயை விளக்கினார். 1950களில் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த ஷில்லிங் என்னும் மருத்துவர் அதனைப் படிநிலைகளாக வகுத்தார். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதே முதற்படி. நாளடைவில் அவ்விறுக்கம் மற்ற நாட்களுக்கும் பரவும். ஆண்டுகள் பல சென்றால் இருமலும் சளியும் நீங்காத் துணையாகிவிடும். மருத்துவர் இதனைப் பிசினோசிஸ் என்பர்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் ஆலைத் தொழிலாளரின் மக்கள் பலர் பயின்றனர். ஒரு சிறுவன், “எங்கப்பாவுக்குத் திங்கக்கிழமை வந்தாத்தானுங்க சார் மூச்சு இறுக்குது” என்றான். நூல்கள் கூறிய செய்தியை அவன் வீட்டுத் திண்ணையிலிருந்தே கண்டிருந்தான். பெற்றோர் கூட்டத்திற்கு அத்தந்தை வந்தபோது, சபையில் இருமுவது இழுக்கென்று துண்டால் வாயைப் பொத்தி, எழுந்த சளியை விழுங்கிக்கொண்டே அமர்ந்திருந்தார். அக்காட்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அவர் வெட்கப்பட வேண்டியதே இல்லை. நம் மூச்சுக் குழாய்களின் உட்புறத்தில் நுண்ணிய மயிரிழைகள் ஓயாது அசைந்து, தூசியைப் பற்றிய சளியைத் தொண்டைக்கு ஏற்றுகின்றன. தூசியாலும் புகையாலும் அவை தளரும்போது சளி தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி குடியேறும். அவ்வேளையில் இருமல் பகைவனன்று, காவலன். அடக்குதல் தகாது, அதற்கு வழியமைத்தலே முறை.

வழியமைத்த வரலாறும் சுவையானது. 1901இல் லண்டன் மருத்துவர் ஈவார்ட், நோயாளியைச் சாய்த்துக் கிடத்திச் சளியைத் தானே வடியச் செய்யும் முறையை எழுதினார். சாய்த்த குடத்தினின்று நீர் வடிவது போன்றதே அது. 1960களின் இறுதியில் நியூசிலாந்தில் எளியதொரு முறை தோன்றியது. லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனை பின்னர் அதனைச் செப்பம் செய்தது. முதலில் அமைதியாகச் சில மூச்சு. பின்னர் விலா விரிய ஆழ்ந்த மூச்சு மூன்று நான்கு. அதன்பின் வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் ‘ஹா’ என்று விசையுடன் விடுதல். சளி மேலேறியபின் ஒரே இருமலில் வெளிவரும். இதற்குக் காசும் வேண்டா, கருவியும் வேண்டா; பொறுமையே வேண்டும். தம் உடலுக்கேற்ற சாய்வையும் அளவையும் இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கற்றுக்கொள்வது நலம்.

ஆடு தொடாத இலையென்று நம்மவர் வேலியில் வளர்த்த ஆடாதோடையும் வீண்போகவில்லை. வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டே 1960களில் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து வந்தது. அதன் வழித்தோன்றலாகிய அம்புராக்சால் இன்றும் சளி இளக்கும் பாகுகளில் உள்ளது. ஆயினும் மருந்து சளியை இளக்கலாம்; வெளியேற்றுவது மூச்சே. கருவுற்ற பெண்டிர் அவ்விலையைத் தவிர்த்தல் வேண்டும். சளியில் இரத்தம் கண்டாலும், காய்ச்சலோ மூச்சுத்திணறலோ மிகுந்தாலும், கைவைத்தியத்தில் காலம் போக்காது மருத்துவரை நாடுக.

இன்னும் ஒரு சொல். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் 1955இல் கோவைக்கு வந்தது. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய், சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இருமலை மறைப்பவர் தம் நோயை மட்டும் மறைக்கவில்லை, தமக்குரிய உரிமையையும் மறைக்கின்றார். தூசியை உறிஞ்சும் பொறியும் முகக்கவசமும் அமைப்பது ஆலையின் கடன். மூச்சின் மாற்றத்தை முதல் திங்கட்கிழமையிலேயே மருத்துவரிடம் உரைப்பது தொழிலாளியின் கடன். பஞ்சு நாட்டுக்கு ஆடை தந்தது. அதனை நூற்றவர்க்குத் தடையற்ற மூச்சையேனும் நாம் தருதல் வேண்டாவா?