செத்துப்போகத் தெரிந்த பொம்மை

1996இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் இரண்டு மின்னணுப் பொருட்களைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஒன்று, ஆப்பிளோடு சேர்ந்து செய்த பிப்பின். டிவியோடு இணைத்து விளையாடலாம், இணையம் பார்க்கலாம். உள்ளே 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பவர்பிசி சில்லு. அமெரிக்காவில் அதன் விலை 599 டாலர். மற்றொன்று, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்கிற ஒரு பிளாஸ்டிக் முட்டை. அதன் சில்லு நொடிக்கு 32,768 முறைதான் துடிக்கும், பிப்பினைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு மெதுவாக. விலை 1,980 யென். அதே ஆண்டு வந்த கேம்பாய் பாக்கெட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பிப்பின் 50,000 என்ற எண்ணிக்கையைக்கூட எட்டாமல் போய்ச் சேர்ந்தது. முட்டை சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் 4 கோடி விற்றது. அதன் பெயர் தமகோச்சி.

மலிவான பொருள் நிறைய விற்கும், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பொம்மையின் உள்ளமைப்பைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று தோன்றியது. தமகோச்சியின் விற்பனைக்கு மட்டுமல்ல, அதன் குணத்துக்கும் மலிவுதான் காரணம். அதைச் செய்தவர்களிடம் இன்னும் கொஞ்சம் பெரிய சில்லும் இன்னும் கொஞ்சம் நினைவகமும் இருந்திருந்தால், இவ்வளவு பேரை அழவைத்த பொம்மையாக அது ஆகியிருக்காது.

*

இதை உருவாக்கியவர்களாகச் சொல்லப்படுபவர்கள் இரண்டு பேர். விஸ் என்ற சிறிய நிறுவனத்தை நடத்திய அகிஹிரோ யோகோய், பண்டாயில் வேலை பார்த்த அகி மைதா. ஒரு சிறுவன் தன் ஆமையையும் கூட எடுத்துப் போக ஆசைப்பட, அம்மா மறுக்கிறாள் என்பதுபோல ஒரு டிவி விளம்பரம். அதைப் பார்த்தபோதுதான் கையில் எடுத்துச் செல்லக்கூடிய வளர்ப்புப் பிராணி என்ற யோசனை யோகோய்க்கு வந்ததாகச் சொல்வார்கள். முதலில் அதைக் கைக்கடிகாரமாகத்தான் யோசித்தார்கள். பெயரிலேயே அந்தத் தடம் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'தமகோ' என்றால் முட்டை, அதோடு ஆங்கில 'வாட்ச்' சேர்ந்தது. மைதா அதன் மாதிரிகளை டோக்கியோவின் ஷிபுயா பகுதிக்கு எடுத்துப் போய், அங்கே சுற்றும் பள்ளி மாணவிகளிடம் காட்டிக் கருத்துக் கேட்டார். வடிவமும் தோற்றமும் அவர்கள் ரசனைக்கு ஏற்ப மாறின.

ஏன் அந்த மாணவிகள்? அன்றைய ஜப்பானில் அவர்கள் கையில் பேஜர் இருந்தது. எண்களை மட்டும் காட்டக்கூடிய அந்தக் கருவியில் அவர்கள் ஒரு தனி மொழியே உருவாக்கி வைத்திருந்தார்கள். 0840 என்று வந்தால் 'ஒஹயோ', அதாவது காலை வணக்கம். அந்த எண்களின் உச்சரிப்பைச் சேர்த்துப் படித்தால் அந்தச் சொல் வரும். ஒரு சின்னப் பெட்டி கீச்சென்று கூப்பிடும், உடனே எடுத்துப் பார்க்கணும், பதில் போடணும். இந்தப் பழக்கம் ஏற்கெனவே கையில் ஏறியிருந்தது. தமகோச்சி அந்தப் பழக்கத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. என்ன வித்தியாசம்? கூப்பிட்டது தோழி அல்ல, 32க்கு 16 புள்ளிகளில் வரைந்த ஓர் உருண்டை.

1996 நவம்பர் 23 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1997 மே மாதம் அமெரிக்காவுக்குப் போனது. அந்த ஜனவரியில்தான் பண்டாய், சேகா நிறுவனத்தோடு இணையப்போவதாக அறிவித்திருந்தது. மே மாதம் அந்த இணைப்பும் ரத்தானது.

*

இனி உள்ளே பார்ப்போம். என் தொழில் மென்பொருள் என்பதால் எனக்குச் சுவாரசியமான இடம் இதுதான். ஆர்வமுள்ள பொறியாளர்கள் தமகோச்சிகளைப் பிரித்து, சில்லைச் சுரண்டி, உள்ளே இருந்த நிரலை வெளியே எடுத்திருக்கிறார்கள். நடாலி சில்வனோவிச் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2012இல் ஜெர்மனியில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் பிற்கால மாடல்களைப் பற்றி இப்படி ஓர் உரையே நிகழ்த்தினார். முதல் தமகோச்சியின் நிரலை இன்று நம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

எப்சன் தயாரித்த 4 பிட் மைக்ரோகன்ட்ரோலர். நிரல், படங்கள், சத்தம் எல்லாம் சேர்த்து 9 கிலோபைட்டுக்குள் அடக்கம். குட்டியின் வயது, எடை, பசி, மகிழ்ச்சி என்று மாறிக்கொண்டே இருக்கும் விஷயங்களை வைத்துக்கொள்ள 320 பைட் நினைவகம். ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு யூனிகோடில் 3 பைட் ஆகும் என்பதால், இந்தப் பத்தியைக்கூட அதில் சேமிக்க முடியாது. துடிப்பைக் கொடுப்பது குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே வகைப் படிகம். 32,768ஐப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். அதுதான் ஒரு நொடி. ஆக, தமகோச்சி என்பது அடிப்படையில் ஒரு கடிகாரம். கடிகாரத்துக்கு ஆஃப் பொத்தான் கிடையாது. இதற்கும் கிடையாது. நீங்கள் விளையாடாத நேரத்திலும் அதற்கு நேரம் ஓடும்.

நிரந்தரமாகச் சேமித்துவைக்கும் நினைவகமும் அதில் இல்லை. பேட்டரியைக் கழற்றினால் அத்தனையும் போச்சு. விட்ட இடத்தில் சேமித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்ற வசதி, அன்றைய வீடியோ விளையாட்டுகளில் சாதாரணமாகிவிட்ட ஒன்று, இதில் வழியே இல்லை. நிறுத்த முடியாது, சேமிக்க முடியாது, பின்னால் போக முடியாது. இந்த மூன்றையும் சேர்த்தால் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஓர் உயிர்.

முட்டை 5 நிமிடத்தில் பொரிக்கும். குஞ்சுப் பருவம் சுமார் ஒரு மணி நேரம். அதன்பின் நம்முடைய ஒரு நாள் அதற்கு ஒரு வயது. பசிக்கு 4 இதயங்கள், மகிழ்ச்சிக்கு 4 இதயங்கள், அவை மெல்ல மெல்லக் காலியாகும். சோறு போடலாம், தின்பண்டம் கொடுக்கலாம். தின்பண்டம் மட்டுமே கொடுத்தால் எடை கூடிப்போகும். கழிவை அள்ளிப்போடணும். மண்டையோடு தெரிந்தால் நோய், ஊசி போடணும். இடமா வலமா என்று ஊகிக்கும் ஒரு விளையாட்டு, அதில் ஐந்துக்கு மூன்று ஜெயித்தால் அதற்குச் சந்தோஷம்.

இரண்டு விஷயங்களை இதில் தனியாகக் கவனிக்கணும். ஒன்று, சில நேரம் அது காரணமே இல்லாமல் கூப்பிடும். வயிறு நிறைந்திருக்கும், நோய் இல்லை, ஆனாலும் கத்தும். அப்போது கொஞ்சக்கூடாது, கண்டிக்கணும். எந்தக் கூப்பாடு நிஜம், எது பிடிவாதம் என்று பார்த்துப் புரிந்துகொள்வது வளர்ப்பவர் வேலை. இன்னொன்று, இரவில் அது தானாகத் தூங்கிவிடும். ஆனால் விளக்கை நீங்கள்தான் அணைக்க வேண்டும். நிஜக் கூப்பாட்டைக் கால் மணி நேரத்துக்குள் கவனிக்காவிட்டால் உள்ளே ஒரு தவறு என்று எண்ணிக்கொள்ளும், வெளியே காட்டாது. அந்தக் கணக்கை வைத்துத்தான் அது வளர்ந்து யாராக ஆகும் என்று முடிவாகும். அக்கறையாக வளர்த்தால் மமேச்சி. அசிரத்தையாக வளர்த்தால் நீண்ட நாள் தாங்காத வேறு ஏதோ ஒன்று. எந்தக் குட்டி வேண்டும் என்று கேட்டு வாங்க முடியாது, கிடைத்ததை நம் வளர்ப்புக்கு ஏற்ப ஏற்றுக்கொள்ளணும்.

*

பிறகு அது சாகும். எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் ஒரு நாள் சாகும்.

ஜப்பானிய முட்டையில் அது இறந்தால் ஒரு கல்லறையும் பக்கத்தில் ஓர் ஆவியும் தெரியும். ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குப் போனபோது கல்லறை எடுக்கப்பட்டு, இறக்கை முளைத்த தேவதை ஒன்று பறந்தது. குட்டி தன் சொந்தக் கிரகத்துக்குத் திரும்பிவிட்டது என்று கதையையும் மென்மையாக்கினார்கள். அங்கே பொம்மைக்குச் சாவு என்பதைப் பெற்றோர் ஏற்கத் தயங்கினார்கள். வகுப்பில் கீச்சுக்கீச்சென்று கத்தியதால் பல பள்ளிகள் தடை போட்டன. பகலில் பிள்ளைகளின் முட்டையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அம்மாக்களுக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் வளர்ப்புப் பிராணிகளுக்கான இடுகாடு ஒன்றில் இவற்றைப் புதைக்கத் தனி இடமே ஒதுக்கினார்கள். 1997ஆம் ஆண்டின் பொருளாதாரத்துக்கான இக் நோபல் பரிசு, அதாவது நோபலின் கேலி வடிவம், யோகோய்க்கும் மைதாவுக்கும் போனது. லட்சக்கணக்கான மனித வேலை நேரத்தை இல்லாத பிராணிகளை வளர்ப்பதில் திருப்பிவிட்டதற்காக.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. நேரத்தை மாற்றும் திரையைத் திறந்து அப்படியே விட்டுவிட்டால் உள்ளே காலம் நின்றுவிடும் என்று கண்டுபிடித்தார்கள். பள்ளிக்குப் போகும்போது காலத்தை நிறுத்திவிட்டு, வந்ததும் ஓடவிடுவது. எனக்குத் தெரிந்து குழந்தைகள் செய்த மிக அழகான ஹேக் அதுதான்.

எம்.ஐ.டி.யில் குழந்தைகளையும் இயந்திரங்களையும் பற்றி நீண்ட நாள் ஆராய்ந்தவர் ஷெர்ரி டர்க்கிள். நாம் நேசிப்பதைத்தான் கவனித்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் கவனித்துக்கொள்வதை நேசிக்கத் தொடங்குகிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். பழைய குட்டி செத்தபின் ரீசெட் செய்து வரும் குட்டியை அதே குட்டியாக ஏற்க மறுத்த குழந்தைகளையும் அவர் குறிப்பிடுகிறார். நிரலாளனாக எனக்குத் தெரியும், இரண்டும் அதே 9 கிலோபைட்தான். ஆனால் அந்தக் குழந்தைகள் சொன்னதும் சரிதான். நிரல் அதே நிரலாக இருக்கலாம், அந்த 320 பைட்டில் இருந்த வாழ்க்கை வேறு.

*

கடைகளில் முட்டை கிடைக்காதபோது போலிகள் வந்தன. டைகர் எலக்ட்ரானிக்ஸின் கிகா பெட்ஸ் போன்ற போட்டிப் பொருட்களும் வந்தன. 1997 ஜூனில் பண்டாயே, சண்டை போடும் குட்டிகளோடு டிஜிமோனைக் கொண்டுவந்தது. தேவை கூடியதைப் பார்த்துப் பண்டாய் உற்பத்தியைப் பெருக்கியது. பெருகிய சரக்கு கடைக்கு வருவதற்குள் மோகம் வடிந்துவிட்டது. விற்காத முட்டைகள் கிடங்கில் குவிந்து பெரும் நட்டமாயின. 2004இல் அகச்சிவப்புக் கதிரால் ஒன்றோடொன்று பேசும் மாடலோடு அது திரும்பி வந்தது. 2023இல் வைஃபை வசதியோடு யூனி வந்தது. மொத்த எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டதாக 2025இல் அறிவித்தார்கள்.

சென்ற ஆண்டு என் அக்கா மகளுக்கு ஒன்று வாங்கலாம் என்று தேடினேன். அவளுக்கு 9 வயது, வீட்டில் நாய் வளர்க்க இடமில்லை. தேடினால் மூன்று வகை கிடைத்தன. சில நூறு ரூபாய்க்கு, 49 பிராணி, 168 பிராணி என்று அட்டையில் போட்டிருக்கும் பெயரில்லாத முட்டை. 2018இல் மறுபடி வெளியான பழைய தமகோச்சி, அமெரிக்காவில் சுமார் 20 டாலர். அதைப்போல மூன்று மடங்கு விலைக்கு வண்ணத்திரை யூனி.

அக்காவிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "ஏன்டா, சாகிற பொம்மையையா பிள்ளைக்கு வாங்கிக் குடுப்பாங்க?"

நியாயமான கேள்வி. 168 பிராணி முட்டையை முதலில் வாங்கிப் பார்த்தேன். பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பூனை, டைனோசர், நண்டு என்று பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். சலித்துப்போனால் அடுத்தது. அதற்குச் சாவு கஷ்டமில்லை, ஏனென்றால் இன்னும் 167 இருக்கின்றன. வைஃபை முட்டை அழகாக இருக்கிறது, ஆனால் அதற்குப் போக இடங்கள், வாங்கப் பொருட்கள், பதிவிறக்கப் புதுச் சங்கதிகள் என்று முடிவே இல்லை. அது எனக்கு ரொம்பப் பழகிய உலகம். நான் வேலை பார்க்கும் துறையில் ஒரு செயலி எத்தனை முறை பயனரைத் திரும்ப இழுத்தது என்றுதான் அளக்கிறோம். போன் காரணமில்லாமல் கூப்பிட்டால் அதைக் கண்டிக்கப் பொத்தான் கிடையாது. ராத்திரி ஆனால் அது தானாகத் தூங்கவும் தூங்காது.

அதனால் நடுவில் இருந்ததை வாங்கினேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வளர்ப்பதற்கு ஏற்ப மாறுகிறதா என்று பாருங்கள். இரவில் தூங்குகிறதா, சத்தத்தை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். பேட்டரி மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பட்டன் பேட்டரியை விழுங்கிவிடும் ஆபத்து உண்டு.

அக்கா மகளின் முதல் குட்டி பத்து நாள் இருந்தது. போன அன்று அவள் கொஞ்சம் அழுதாள், சாப்பிட மறுத்தாள். இரண்டு நாள் முட்டையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இரண்டாவது குட்டியைத் தொடங்கினாள். முதலாவதின் பெயரை இதற்கு வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.