சக்கை என்று தள்ளப்பட்ட உணவு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய மருத்துவம் பெருங்குடலைச் சாக்கடையாகவே பார்த்தது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உணவை அழுக வைத்து நஞ்சைப் பரப்புகின்றன, அதனாலேயே முதுமை விரைந்து வருகிறது என்று எழுதினார் 1908இல் நோபல் பரிசு பெற்ற எலீ மெச்னிகோவ். மனிதனுக்கு அந்த உறுப்பே வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன் அதைச் செயலிலேயே காட்டினார். தீராத மலச்சிக்கலோடு வந்தவர்களின் பெருங்குடலை வெட்டி எடுத்தார். அதற்குச் சற்று முன்னர்தான் கோதுமை மாவும் மாறியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அரைகல்லின் இடத்துக்கு உருளை ஆலைகள் வந்தன. தவிட்டையும் முளையையும் அவை சுத்தமாகப் பிரித்தெடுத்தன. பணக்காரர் உண்ட வெள்ளை ரொட்டி தொழிலாளி வீட்டுக்கும் மலிவாக வந்தது, தவிடு கால்நடைத் தீவனமானது. குடலை வெட்டிய கத்திக்கும் தவிட்டை நீக்கிய ஆலைக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றே: மனித உடம்பால் செரிக்க முடியாதது வெறும் கழிவு. நார்ச்சத்தைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதெல்லாம் இந்த எண்ணம் படிப்படியாகத் தகர்ந்ததால் கிடைத்தது.

அது தகரத் தொடங்கிய இடம் கிழக்கு ஆப்பிரிக்கா. கென்யாவிலும் உகாண்டாவிலும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவர் ஹியூ டிரவல், 1960இல் வெளியிட்ட நூலில், ஐரோப்பாவில் மலிந்து கிடக்கும் பல நோய்கள் ஆப்பிரிக்கரிடம் அரிதாக இருப்பதைத் தொகுத்துக் காட்டினார். கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட் 1966இல் பிரிட்டன் திரும்பினார். குழந்தைகளைத் தாக்கும் ஒரு புற்றுநோய்க்கு ஏற்கெனவே அவர் பெயர் வழங்கி வந்தது. சர்க்கரையும் தீட்டிய மாவுமே நவீன நோய்களுக்கு வேர் என்று வாதிட்டு வந்த கடற்படை மருத்துவர் கிளீவின் எழுத்து அவர் கைக்கு வந்தது. கிளீவ் சேர்க்கப்பட்டதைக் குற்றம் சொன்னார். பர்கிட்டோ நீக்கப்பட்டதைத் தேடினார். தென்னாப்பிரிக்காவின் அலெக் வாக்கர், இங்கிலாந்தின் நீல் பெயின்டர் ஆகியோருடன் 1972இல் லான்செட் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, அதுவரை யாரும் எடை போட விரும்பாத ஒன்றை எடை போட்டது. மட்டோக்கே எனும் வாழைக்காய் உணவும் கிழங்கும் பயறும் உண்ட உகாண்டாக் கிராமத்தார் நாளொன்றுக்குச் சராசரியாக 470 கிராம் மலம் கழித்தார்கள். உண்டது சுமார் 36 மணி நேரத்தில் வெளியேறியது. பிரிட்டிஷ் கடற்படையினரிடமும் அவர்கள் மனைவியரிடமும் மலத்தின் அளவு 100 கிராமை ஒட்டியே இருந்தது. வெளியேற எடுத்த நேரமோ 80 மணி நேரத்துக்கு மேல்.

பர்கிட்டின் சான்றுகளில் ஓட்டைகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. கிராமப்புற மருத்துவமனைகளின் பதிவேடுகளில் குடல் நோய்கள் குறைவாகத் தென்பட்டதற்கு, அவற்றைக் கண்டறியும் வசதி இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். முதுமை வரை வாழாதவர்களிடம் முதுமையின் நோய்களைத் தேடுவதும் பிழையாகும். மூலநோய் முதல் மாரடைப்பு வரை பல நோய்களுக்கு ஒரே காரணம் சொன்னதில் அவர் எல்லை மீறவும் செய்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அவர் தந்த விளக்கம். நார் மலத்தைப் பருக்கச் செய்து விரைவாகத் தள்ளுகிறது, அதனால் நஞ்சு குடற்சுவரைத் தொடும் நேரம் குறைகிறது என்றார். இதிலும் குடல் ஒரு கழிவுக்குழாயாகவே இருந்தது. நார் அதைத் துப்புரவு செய்யும் துடைப்பமானது, அவ்வளவுதான்.

அந்தப் பார்வையை மாற்றியவர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த அலிசன் ஸ்டீபனும் ஜான் கம்மிங்ஸும். மலத்தின் உலர் எடையில் பாதிக்கு மேல் பாக்டீரியாவே என்று 1980இல் அவர்கள் காட்டினார்கள். தவிட்டின் நார் பெரும்பாலும் சிதையாமல் நீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறியது. முட்டைக்கோசின் நாரோ பாக்டீரியாக்களுக்கு உணவாகி அவற்றைப் பெருகச் செய்தது. அதாவது நாம் உண்ணும் நாரில் ஒரு பகுதிக்கு உண்பவர் வேறு. அந்த நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் எனும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியைப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. நார் கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு 2016இல் எலிகளில் நடந்த ஆய்வு விடை சொன்னது: மனிதக் குடல் பாக்டீரியாக்கள் குடியேற்றப்பட்ட எலிகளுக்கு நாரை நிறுத்தியதும், அந்தப் பாக்டீரியாக்கள் குடலைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின, கிருமித் தொற்றுக்கு வழி திறந்தது.

நார் நோயைத் தடுக்கிறது என்ற கருத்துக்கு வலுவான மறுப்பும் வந்தது. 1999இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வு 88,757 பெண்களைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்தும், நார்ச்சத்து பெருங்குடல் புற்றுநோயைத் தடுத்ததற்குச் சான்று காணவில்லை. மறு ஆண்டு வெளியான இரு பரிசோதனைகளில் நார் மிகுந்த உணவும் கோதுமைத் தவிடும் குடற்கட்டிகள் மீண்டும் வருவதைக் குறைக்கவில்லை. இவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தப் பரிசோதனைகள் மூன்று நான்கு ஆண்டுகளே நீடித்தன, கட்டி புற்றாக மாறவோ பத்தாண்டுகளுக்கு மேல் ஆகலாம். பாக்டீரியா எளிதில் சிதைக்காத தவிட்டைக் கொண்டு எல்லா நாரையும் எடைபோடவும் முடியாது. 185 தொடர் ஆய்வுகளையும் 58 பரிசோதனைகளையும் திரட்டி 2019இல் லான்செட்டில் வெளியான மதிப்பீடு, நார் மிகுதியாக உண்பவர்களிடம் இதயநோய், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 விழுக்காடு குறைவு என்றது. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் போதிய அளவு என்றும் கணித்தது.

வேறுபாடு உணவில் இல்லை, இனத்தில்தான் என்போருக்கு ஸ்டீபன் ஓகீஃப் குழுவின் 2015 ஆய்வு பதில் தருகிறது. பிட்ஸ்பர்க்கில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கர் இருபது பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் இருபது பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் பெருகியது, அழற்சி தணிந்தது. கிராமத்தாரிடம் இதற்கு நேர்மாறாக நடந்தது. கொழுப்பும் இறைச்சியும் சேர்ந்தே மாறியதால் முழுப் புகழும் நாருக்குச் சேராது. ஆனால் குடல் பிறப்பால் விதிக்கப்பட்டதன்று, தட்டில் விழுவதைப் பொறுத்தது என்பது உறுதியானது. அப்படியென்றால் ஆலைகள் எதை நீக்கலாம், எதை விடவேண்டும் என்பதை மாவின் வெண்மையையும் கெடாமல் இருக்கும் நாட்களையும் மட்டும் வைத்துத் தீர்மானிப்பது சரியன்று. அரிசியைத் தீட்டித் தீட்டி வெளுக்கும் நம் ஆலைகளுக்கும் இது பொருந்தும். ஒரு தானியத்தின் மதிப்பைக் கணக்கிடும்போது, அதை உண்ணும் மனிதரோடு அவருக்குள் வாழும் உயிர்களின் பசியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.