ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘ஏ.எஃப்.பி.’ என்றிருந்தால், அதன் விரிவு இதுதான். லத்தீனில் ‘ஃபீட்டஸ்’ என்றால் கரு. ‘ஆல்ஃபா’, மின்சாரம் பாய்ச்சி ரத்தப் புரதங்களைப் பிரிக்கும்போது இது சேரும் பிரிவு.

கருவிலிருக்கும் குழந்தையின் ஈரல் ஏராளமாகச் சுரக்கும் இந்தப் புரதம், பிறந்தபின் வற்றிவிடும். பெரியவர்களுக்கு மில்லிக்கு 10 நானோகிராமுக்குள் இருப்பதே வழக்கம். 1963இல் ஈரல் புற்றுள்ள எலிகளிடம் இதைக் கண்டது மாஸ்கோவின் காரி அபெலெவ் குழு. மறு ஆண்டே யூரி தத்தாரினோவ் நோயாளிகளிடம் கண்டார். புற்றணு தன் கருக்காலப் பழக்கத்துக்கே திரும்பிவிடுகிறது!

அளவு கூடினாலே புற்று என்று பதற வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் ஈரல் அழற்சி உள்ளவர்களுக்கும் கூடும். கட்டி இருந்தும் கூடாமல் போவதுண்டு. அதனால்தான் ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை வயிற்று ஸ்கேனும் எடுக்கிறார்கள்.