இறைச்சிக்குக் குறைவில்லை, தவிட்டுக்குத்தான் பஞ்சம்

பழைய பயணக் கப்பல்களைப் பற்றித் தேடினால் நீளம், வேகம், கப்டனின் பெயர் எல்லாம் கிடைக்கும். அடித்தட்டில் நின்று கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர்கள் என்ன சாப்பிட்டார்கள் எண்டு பெரும்பாலும் ஒருத்தரும் கேட்கிறதில்லை. 'குரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம்' என்ற ஜேர்மன் கப்பலின் முடிவை அந்தக் கேள்வி இல்லாமல் விளங்கிக்கொள்ள ஏலாது.

1902இல் அத்திலாந்திக்கை வேகமாகக் கடந்து சாதனை படைத்த கப்பல் இது. முதலாம் உலகப் போர் தொடங்கியதும், 1914 ஓகஸ்ட் 3 இரவு நியூயோர்க்கை விட்டு வெளியேறியது. மூன்று நாளில் 'கார்ல்ஸ்ரூஹ' என்ற போர்க்கப்பலை நடுக்கடலில் சந்தித்து, இரண்டு பீரங்கிகளையும் போல் தியர்ஃபெல்டர் என்ற புதிய கப்டனையும் பெற்றுக்கொண்டது. பயணக் கப்பலின் மாலுமிகள் ஒரே நாளில் போர்வீரர்களாகிவிட்டார்கள்.

251 நாட்கள் அவர்கள் எந்தத் துறைமுகத்திலும் கால் வைக்கவில்லை. 15 கப்பல்களைப் பிடித்தார்கள். நிலக்கரியும் சாப்பாடும் பெரும்பாலும் அந்தக் கப்பல்களில் இருந்துதான் வந்தன. 'லா கொரென்டினா' என்ற கப்பலில் உறைய வைத்த இறைச்சி மலைபோல இருந்தது. வெள்ளை மாவுப் பாண், இறைச்சி, கோப்பி, சீனி எண்டு வயிறு நிறையத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் பழமும் பச்சை மரக்கறியும் அருமை.

கால் வீங்கியது, நடக்க முடியவில்லை, நெஞ்சு படபடத்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் படுத்த பிறகு, 1915 ஏப்ரல் 11 அன்று கப்பல் அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் துறைமுகத்துக்குள் நுழைந்தது. எதிரிக் கடற்படைகளுக்கு அகப்படாத கப்பலை பெரிபெரி நோய் கரையேற்றிவிட்டது.

'பெரிபெரி' சிங்களத்திலிருந்து வந்த சொல் எண்டு பல அகராதிகள் சொல்கின்றன. தானியத்தைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் தயமின் என்ற விற்றமினின் குறைபாடே அது. இந்த விசயம் அப்போது புதிதுமில்லை. ஜாவாவில் எய்க்மன் கோழிகளை வைத்து 1890களிலேயே ஆராய்ந்திருந்தார். மலாயாவில் தீட்டிய வெள்ளையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களை நோய் வாட்டியபோது, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பியதை பிராடன் என்ற மருத்துவர் 1907இல் எழுதினார். நெல்லை அவிக்கும்போது தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும்.

கரையில் மாலுமிகளுக்குக் கோதுமைத் தவிடு ஊறவைத்த நீரும் மரக்கறி சூப்பும் கொடுத்தார்கள். தேறினார்கள். ஆனால் ஊருக்குப் போக விடவில்லை. அமெரிக்கா 1917இல் போரில் இறங்கியதும் அவர்கள் போர்க் கைதிகள் ஆனார்கள். அவர்களின் கப்பல் 'வொன் ஸ்டொய்பன்' என்ற புதுப் பெயரோடு, ஜேர்மனிக்கு எதிராகச் சண்டையிடப் போன அமெரிக்கப் படையினரை ஏற்றிச் சென்றது.

மூழ்கடித்த கப்பல்களின் பட்டியல் எத்தனையோ நூல்களில் இருக்கிறது. அந்தப் பயணம் ஏன் முடிந்தது எண்டு அறிய, நாங்கள் குசினிக்குள்ளதான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கு.