புறாச் சின்னத்திலிருந்து நிப்பான் வரை

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நிப்பான் சாயம் வைத்திருக்காத ஹார்டுவேர் கடைகள் குறைவு. சுவருக்கான சாயமும் மரத்துக்கான வார்னிஷும் தரும் அந்த ஜப்பானிய நிறுவனத்தின் பெரும்பங்கு இன்று ஒரு சிங்கப்பூர்க் குடும்பத்தின் கையில் இருக்கிறது.

இக்குடும்பத் தொழிலைத் தொடங்கியவர் கோ செங் லியாங். 1927இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் மூவாரில் மீன்வலை விற்றார். பின்பு சிங்கப்பூர் திரும்பி ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தார். 1949இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏலம் விட்ட கெட்டுப்போன சாயப் பீப்பாய்களை மலிவாக வாங்கினார். ரசாயன அகராதி ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தாமே கலந்து பார்த்து, புறாச் சின்னத்தில் விற்றார். மறு ஆண்டு கொரியப் போர் மூண்டது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததால் உள்ளூர்ச் சாயத்துக்குக் கிராக்கி ஏற்பட்டது.

அதன்பின் அவர், 1881இல் தோக்கியோவில் தொடங்கப்பட்ட நிப்பான் பெயிண்டின் உள்ளூர் விநியோகஸ்தரானார். 1962இல் இருவரும் கூட்டுத் தொழில் தொடங்கினர். மகன் கோ ஹப் ஜின் பொறுப்பேற்ற பிறகும் அந்த உறவு முறியவில்லை. 2021இல் குடும்பத்தின் வூதெலாம் குழுமம் தாய் நிறுவனத்தின் பெரும்பங்கையே பெற்றது. நிறுவனர் 2025இல் 98 வயதில் காலமானார்.

நம் சங்கக் குடும்பங்களில் பலர் பிறர் தயாரித்த பொருளை விற்றே முன்னேறியவர்கள். அதில் குறைவில்லை. ஆனால் விற்கும் டின்னுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் நம் பிள்ளைகள் கற்க வேண்டும். விநியோகஸ்தர் ஒருநாள் உரிமையாளர் ஆவது அங்கேதான் தொடங்குகிறது.