டாக்டர் பையில் என்ன இருந்தது

சேதராப்பட்டு புதுச்சேரி மண். மயிலம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு வந்துவிடும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அது பிரிட்டிஷ் எல்லை. கிராமத்துக்கு டாக்டர் வந்த கதையும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

பிரெஞ்சு அரசு 1823இல் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி திறந்தது. பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் கப்பற்படை டாக்டர்களும் காலனிப் படை டாக்டர்களும். படித்து முடித்தவர்களுக்கு ‘உள்ளூர் மருத்துவர்’ பட்டயம் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக் காலனிகளில் வைத்தியம் பார்க்கலாம். அந்தப் பக்கம், சென்னை மாகாண அரசு 1924இல், கிராமத்தில் போய்க் குடியேறும் டாக்டர்களுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. மானியத்தை வாங்கிக்கொண்டு சொந்தத் தொழிலும் நடத்தலாம். அதே காலத்துச் சென்னையில் டாக்டர் ரங்காச்சாரி நோயாளியைப் பார்க்கச் சொந்த விமானத்தில் பறந்தார். ஊர்நாட்டில் எல்.எம்.பி. பட்டயம் படித்த டாக்டருக்கு மாட்டுவண்டி, பிறகு சைக்கிள். அவர் ஊரோடு இருந்தவர், ராத்திரி கதவைத் தட்டினால் எழுந்து வருவார். குடும்ப டாக்டர் என்று நாம் சொல்வது அவர் வழியில் வந்தவர்களைத்தான்.

புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபின், 1956இல் அந்தப் பழைய பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. 1964இல் கோரிமேட்டில் ஜிப்மர் என்று பெயர் பெற்றது. நான் அங்கே படித்துவிட்டு 1980களில் சேதராப்பட்டில் கிளினிக் வைத்தேன். எனக்கு முன்னால் இந்தப் பக்கம் வைத்தியம் பார்த்த பெரியவர், தொழிலை விடும்போது தன் தோல்பையை என்னிடம் கொடுத்தார். “தம்பி, இதைக் காலியா மட்டும் வச்சிடாதே” என்றார்.

உள்ளே கண்ணாடி சிரிஞ்சு, ஊசிகளைக் கொதிக்க வைக்கும் எவர்சில்வர் டப்பா, ஸ்பிரிட் அடுப்பு. ஆம்பியூல்களில் அட்ரினலின், அமினோஃபிலின், அட்ரோபின், கோரமின். ஒரு சின்னப் புட்டியில் பெர்மாங்கனேட் தூள். அந்தத் தலைமுறை எதை நம்பி ராத்திரியில் கிளம்பியது என்பதற்கு அந்தப் பையே சாட்சி.

அட்ரினலின் இன்றைக்கும் நிற்கிறது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டும் ஆளை மீட்க அதற்கு ஈடு எதுவும் இல்லை. வயலில் மருந்து அடிக்கும்போது முகத்தில் பட்டு, வாயில் நுரை தள்ளி, கண்மணி கடுகாகச் சுருங்கி வந்தவர்களுக்கு அட்ரோபின் உயிர் கொடுத்தது. கோரமின் போய்விட்டது. உயிர் பிரியும் நேரத்தில் மூச்சைத் தூண்டும் என்று போட்ட ஊசி அது. “கோரமின் போட்டாச்சு” என்றால் வீட்டார் உறவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அதனால் பலன் இல்லை என்று மருத்துவம் பிற்பாடு அதைக் கைவிட்டது.

பெர்மாங்கனேட் பாம்புக்கடிக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடிபட்ட இடத்தைக் கீறி அந்தத் தூளைத் தேய்க்கச் சொன்னார்கள். அதற்கென்றே தனிக் கத்தி வந்தது. விஷம் போகவில்லை, புண்தான் பெரிதானது. இதற்குக் கொஞ்சம் முன்னால், 1890களில், பிரெஞ்சுக்காரர்களின் இன்னொரு காலனியான சைகோனில் பாம்புக்கடியைப் பார்த்த ஆல்பர்ட் கால்மெட் நாகத்தின் விஷத்துக்கு முறிமருந்து கண்டுபிடித்திருந்தார். அது விரியன் கடிக்கு உதவவில்லை. நம் ஊரில் இன்று போடுவது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்த மருந்து. அதற்கான விஷத்தைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர்களுக்காக 1978இல் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது.

கரும்புத் தோட்டத்தில் கடிபட்டு வருகிறவருக்கு நான் முதலில் செய்வது ஒரு சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பேன். பிறகு சாய்த்துப் பார்ப்பேன். ரத்தம் உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது, முறிமருந்து வேண்டும். கட்டுவிரியனாக இருந்தால் ரத்தம் உறைந்துவிடும், ஆனால் இமை சரியும், விழுங்க முடியாது. அவரை மூச்சுக் கருவி உள்ள இடத்துக்கு உடனே அனுப்ப வேண்டும். கடித்த காலை இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்ப்பதற்கு வீட்டாரோடு போராடியதுதான் பலமுறை மிகக் கடினமான வேலை. அவிழ்க்க விட்டார்கள் என்றால் அதற்குக் காரணம், அவர்கள் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டவன் நான் என்பதே. இந்த நம்பிக்கை பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கிடைக்காது.

நெஞ்சுவலியின் கதை வேறு. முன்பு வலிக்குப் பெத்தடின் ஊசி போட்டு, படுக்க வைத்து, பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1988இல் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று, மாரடைப்பு வந்ததும் ஆஸ்பிரின் கொடுத்தால் சாவு கிட்டத்தட்ட கால் பங்கு குறைகிறது என்று காட்டியது. சில காசுக்குக் கிடைக்கும் மாத்திரை! அதைக் கையில் வைத்திருந்து, “வாயுப்பிடிப்பு இல்லை, மாமா, மென்று முழுங்குங்க” என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டமும் எங்கள் தொழிலை மாற்றியது. விபத்தில் அடிபட்டவரைத் தொட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் டாக்டர்களுக்கு இருந்தது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, போலீஸ் சடங்குகள் பிறகு என்றது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் இயந்திரத்தில் விரல் போனவர்களைப் பார்க்கிற எங்களுக்கு அது பெரிய தைரியம். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பைக்குள் போட்டு, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும், விரலை நேராக ஐஸில் போடக்கூடாது என்பதைத் தொழிலாளிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். 1995இல் சாந்தா வழக்கின் தீர்ப்பு மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நோயாளிக்கு அது நியாயம், மறுக்கமாட்டேன். ஆனால் அதன்பின் பல கிளினிக்குகளில் அவசர ஊசிகள் அலமாரியை விட்டுப் போயின. “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்ற ஒற்றை வரி வைத்தியம் ஆகிவிட்டது.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதன் அருமையை வண்டி இல்லாத காலத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆனாலும் 108ஐ அழைக்க வேண்டிய நிலைதான் இது என்று யாராவது கண்டுகொள்ள வேண்டுமே. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். வியர்வையும் களைப்பும் மட்டும் தெரியும். அவர் முதலில் வருவது தெருமுனை டாக்டரிடம்.

2023 ஜூனில் தமிழ்நாடு அரசு ‘இதயம் காப்போம்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாடின் கொடுத்து, அதன்பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அந்த மாத்திரைப் பொட்டலமும் ஓர் ஈசிஜி பெட்டியும் எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஒவ்வொரு குடும்ப டாக்டர் மேசையிலும் இருக்க வேண்டும். எடுத்த ஈசிஜியை ஜிப்மர் இதயப் பிரிவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிக் கேட்க ஓர் எண்ணும் வேண்டும். பெரியவர் கொடுத்த பையில் இன்று நான் வைக்க விரும்புவது இவற்றைத்தான்.