ஹாப்ஸ் கொடியும் அப்பாவின் கொடிக்காலும்

டிஸ்கி முதலிலேயே: இது பீர் குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. வீட்டில் காய்ச்சச் சொல்லும் பதிவும் இல்லை (அதற்கெல்லாம் ஒவ்வொரு மாநிலத்திலும் கலால் சட்டம் இருக்கிறது சாமி!). ஒரு கொடியைப் பற்றிய பதிவு. தைரியமாக வீட்டில் எல்லோரும் படிக்கலாம் :-)

சண்டிகர் வந்து பதினான்கு வருடங்கள் ஓடிவிட்டன. ஊரிலிருந்து யார் வந்தாலும் கல்கா - சிம்லா பொம்மை ரயிலில் ஏற்றிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். 2023 ஜூன் மாதம் அப்பா அம்மா வந்திருந்தபோதும் அதேதான். 1903-ல் போட்ட பாதை. வளைவும் குகையுமாக வண்டி ஊர்ந்து போகிறது. சோலனை ஒட்டி ஒரு குட்டி ஸ்டேஷன். பலகையில் 'சோலன் ப்ரூவரி' என்று எழுதியிருந்தது. பையன் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

"ப்ரூவரின்னா?" என்றார் அப்பா.

"பீர் காய்ச்சுற கம்பெனி தாத்தா."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாழ்நாளில் தொட்டதில்லை அவர். "சாராயக் கம்பெனிக்கு ஸ்டேஷனே வச்சிருக்காய்ங்களா!" என்றார். தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

அன்று ஆரம்பித்த தேடல்தான் இது. ஆபீசில் ஆணி குறைவாக இருந்த நாட்களில் படித்தது பாதி, நேரில் பார்த்தது மீதி.

கசோலியில் 1850-களில் எட்வர்ட் டயர் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய ஆலைதான் இதற்கெல்லாம் மூலம். ஆட்சி நடத்த வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் குடிக்கப் பீர் வேண்டும். மலையில் குளிர்ச்சியும் நல்ல ஊற்றுத் தண்ணீரும் இருந்தன. பிறகு பீர் காய்ச்சுவது சோலனுக்கு இறங்கியது. 1887-ல் மீக்கின் என்பவர் வாங்கினார். சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் என்.என்.மோகன் கைக்கு வந்தது. மோகன் மீக்கின் என்ற பெயர் அப்படி வந்தது. அந்த எட்வர்ட் டயர் யார் தெரியுமா? 1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ஜெனரல் டயரின் அப்பா. இதைச் சொன்னதும் அப்பா, "அப்பன் காய்ச்சுனான், மகன் சுட்டானா" என்றார். அதற்கு மேல் அந்த ஆலையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

நம் பக்கமும் கதை இல்லாமல் இல்லை. நீலகிரியில் 1857-லேயே காசில் ப்ரூவரி இருந்தது. அதையும் சேர்த்து ஐந்து ஆலைகளை 1915-ல் ஒன்றாக்கியதுதான் யுனைடெட் ப்ரூவரீஸ்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பீருக்கு என்ன வேண்டும்? பார்லி, தண்ணீர், ஈஸ்ட், அப்புறம் ஹாப்ஸ். முதல் மூன்றும் இங்கேயே கிடைத்தன. ஹாப்ஸ் மட்டும் கிடைக்கவில்லை. அது ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடி. கஞ்சாச் செடியின் குடும்பம் (பயப்படாதீர்கள், போதை கிடையாது). ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியில் காகிதத்தில் செய்தது போலப் பச்சையாகக் கூம்புப் பூ வரும். அதன் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் பொடி. கசப்பும் வாசனையும் அதில்தான். கொதிக்கும் பார்லிச் சாற்றில் போட்டால் கசப்பு இறங்கும். அந்தக் கசப்பு, பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை அடக்கி வைக்கும். அதாவது நாம் ஊறுகாய்க்கு உப்பு போடுகிற மாதிரி. 12-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் ஹில்டகார்ட் என்ற கன்னியாஸ்திரி, ஹாப்ஸ் போட்டால் பானம் கெடாது என்று எழுதி வைத்திருக்கிறார். 1516-ல் பவேரியாவில் போட்ட சட்டம் பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது.

இங்கிலாந்துக்கே இது வந்தேறிக் கொடிதான்! அங்கே பழங்காலத்து 'ஏல்' ஹாப்ஸ் இல்லாமல் காய்ச்சியது. ஹாப்ஸ் போட்ட பீரும் அதைக் காய்ச்சத் தெரிந்தவர்களும் பிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து வந்தார்கள். 1574-ல் கென்ட் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் ஹாப்ஸ் தோட்டம் போடுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். குழி எப்படி எடுப்பது, கம்பு எப்படி நடுவது, கொடியை எப்படி ஏற்றிவிடுவது எல்லாம் அதில் உண்டு. (அதே மனிதர் பத்து வருடம் கழித்து, சூனியக்காரி என்று சொல்லிக் கிழவிகளைக் கொல்லாதீர்கள் என்று இன்னொரு புத்தகம் எழுதினார். நல்ல மனுஷன்.) வந்தேறிக் கொடி கொஞ்ச காலத்தில் கென்ட்டின் அடையாளமே ஆகிவிட்டது. கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பங்கள் வருடா வருடம் செப்டம்பரில் குழந்தை குட்டியோடு பூப்பறிக்கப் போவார்கள். கூலிக்குக் கூலி, காற்று மாறினது போலவும் ஆச்சு. 20-ம் நூற்றாண்டின் நடுவில் இயந்திரம் வரும் வரை இது நடந்தது.

இந்தியாவுக்குப் பீர் வந்த கதை எல்லோரும் கேட்டதுதான். லண்டனில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்குப் பீர் கொடுத்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றி வர நாலு முதல் ஆறு மாதம். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். கெடாமல் இருக்க ஹாப்ஸை அள்ளிப் போட்டார்கள், அதுதான் 'இந்தியா பேல் ஏல்' என்பார்கள். இந்தியாவுக்காகவே ஒருவர் உட்கார்ந்து கண்டுபிடித்தார் என்பது மட்டும் கட்டுக்கதை. அந்த மாதிரிப் பீர் அங்கே முன்பே இருந்தது. கப்பல் பயணம் அதற்கு ஒத்துப்போனது, அவ்வளவுதான்.

பீர் வருவதற்குப் பதில் இங்கேயே காய்ச்சலாம் என்று ஆனபோது, ஹாப்ஸையும் இங்கேயே வளர்த்தால் என்ன என்ற யோசனை வந்தது. காஷ்மீரில் மகாராஜா ரண்பீர் சிங் (1885-ல் மறைந்தார்) புதுப் பயிர்களில் ஆர்வம் உள்ளவர். பிரெஞ்சு திராட்சை, பட்டு என்று பலதும் முயன்றவர். ஹாப்ஸும் வந்தது. சோப்பூருக்குக் கீழே, ஜீலமும் போரு ஆறும் சேரும் இடத்தில், துப்காம் என்ற ஊரில் அரசாங்க ஹாப்ஸ் தோட்டம் இருந்ததை வால்டர் லாரன்ஸ் 1895-ல் வெளிவந்த தன் காஷ்மீர் புத்தகத்தில் எழுதுகிறார். இன்று சோப்பூர் என்றால் ஆப்பிள். ஹாப்ஸ் என்று சொன்னால் யாருக்குத் தெரியும்?

அடுத்து எழுபதுகளுக்கு வருவோம். இந்த முறை இமாச்சலத்தில், லாஹௌல். இதைச் சொன்னது என் ஆபீஸ் நண்பர். அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். சோலன் கதையைக் கேண்டீனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, "ஹாப்ஸா? எங்கள் வீட்டிலேயே இருந்ததே" என்றார். அப்பா ஊருக்குத் திரும்ப இன்னும் பத்து நாள் இருந்தது. கிளம்பிவிட்டோம்.

மணாலி தாண்டி அடல் சுரங்கம். ஒன்பது கிலோமீட்டர், 2020 அக்டோபரில் திறந்தது. அதற்கு முன் ரோதாங் கணவாயைப் பனி மூடினால் லாஹௌலுக்கு மாதக்கணக்கில் சாலை கிடையாது. அந்தப் பக்கம் வெளியே வந்தால் வேறு உலகம். மழை மறைவுப் பகுதி, வறண்ட மலை, ஆனால் வாய்க்கால் பாயும் இடமெல்லாம் பச்சை. கேலாங் பத்தாயிரம் அடிக்கு மேல்.

விவசாயத்தில் துணிச்சலான ஜனங்கள் இவர்கள். நம் சித்த வைத்தியத்தில் கோஷ்டம் என்பார்களே, அதைப் பயிரிட்டு விற்றார்கள். பிறகு விதை உருளைக்கிழங்கு. எழுபதுகளில் ஹாப்ஸ். கோடையில் பகல் பதினான்கே கால் மணி நேரம், இரவில் குளிர், மழை குறைவு என்பதால் பூஞ்சை நோய் குறைவு. கொடிக்குப் பிடித்துப்போனது. ஆலைகள் வாங்கிக்கொண்டன. ஆகஸ்ட், செப்டம்பரில் பறிப்பு. பச்சைப் பூவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் உடனே உலர்த்தியாக வேண்டும்.

அப்புறம்? தொண்ணூறுகளுக்குப் பிறகு வெளிநாட்டு ஹாப்ஸ் மலிவாக வந்தது. பூவை அரைத்து அழுத்திய வில்லை, சாறாக எடுத்த பசை என்று ஆலைகளுக்கு வசதியான வடிவத்தில் வந்தது. உலக ஹாப்ஸில் பெரும்பங்கு அமெரிக்காவும் ஜெர்மனியும் விளைவிப்பது. மலைமேல் அரை ஏக்கர் வைத்திருப்பவர் எப்படிப் போட்டி போடுவார்? பட்டாணி, காலிஃபிளவர், ஆப்பிள் என்று மாறிவிட்டார்கள்.

நண்பரின் வீட்டுக்குப் பின்னால் முழுக்கக் காலிஃபிளவர். முற்றத்துச் சுவர் ஓரம் மட்டும் கம்பியில் நாலைந்து கொடி ஏறியிருந்தது. அப்பா நேராக அதனிடம் போனார்.

எங்கள் குடும்பம் சின்னமனூரில் கொடிக்கால் வைத்திருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வெற்றிலை. அகத்தி நட்டு, கொடி ஏற்றி, கிள்ளி, கவுளி கவுளியாக அடுக்கிக் கொடுத்த வீடு. வாடல் நோய் ஒரு பக்கம், பாக்கெட்டில் வந்த பான் மசாலா ஒரு பக்கம். நான் கல்லூரி முடித்த வருடம் அப்பா கொடிக்காலை அழித்துவிட்டார். "நீ வேலைக்குப் போயிரு" என்றதோடு சரி. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அப்பா இலையைத் திருப்பிப் பார்த்தார். தண்டைத் தடவினார். சொரசொரவென்று இருக்கும். "வெத்தலை கணுவுல வேர் விட்டு அகத்தியைப் பிடிச்சுக்கிரும். இது கம்பியைச் சுத்திக்கிட்டே ஏறுதுப்பா. ஒரே பக்கமா சுத்துது பாரு" என்றார். உண்மைதான், ஹாப்ஸ் வலஞ்சுழியாகத்தான் சுற்றும். எந்தப் புத்தகமும் படிக்காமல் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஆண், பெண் கொடி தனி என்றதும், "வெத்தலையும் அப்படித்தான்" என்றார். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

நண்பரின் அப்பா வந்து பக்கத்தில் நின்றார். ஒருவருக்கு இந்தி தெரியாது, இன்னொருவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான்.

"விலை போகலைன்னா இதை மட்டும் ஏன் வச்சிருக்காருன்னு கேளு."

கேட்டேன். "வைக்கவில்லை. பிடுங்கினோம். வேர் கொஞ்சம் இருந்தாலும் அடுத்த வருடம் வந்துவிடுகிறது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கம்பி கட்டிவிட்டேன்" என்றார்.

அப்பா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "நம்ம வெத்தலை அப்படி வராது. போனாப் போனதுதான்" என்றார். இருபது வருடத்தில் கொடிக்காலைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அந்த அக்டோபரில் ஊருக்குப் போய்வந்த நண்பர், ஈரச் சாக்கில் சுற்றி ஒரு வேர்த்துண்டு கொண்டுவந்து கொடுத்தார். பால்கனியில் பெரிய தொட்டியில் வைத்தேன். மார்ச்சில் துளிர், மே மாதம் நாலடி, ஜூன் வெயிலில் கருகல். பூ இல்லை. சண்டிகரில் பகல் நீளம் கிட்டத்தட்ட லாஹௌல் அளவுதான். சூடுதான் எமன். "ஊட்டியில வச்சா வருமா?" என்று போனில் கேட்டார் அப்பா. அங்கே குளிர் உண்டு, ஆனால் கோடையிலேயே பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். பகல் சுருங்கினால்தான் பூக்க ஆரம்பிக்கும் கொடி இது. எப்போதுமே பகல் சின்னதாக இருந்தால், வளர்ந்து முடிக்கும் முன்னே குட்டையாக நின்று பூத்துவிடும், விளைச்சல் இருக்காது. குளிர்கால உறக்கம் கட்டாயம் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். அது இல்லாமலும் ஹாப்ஸ் பூக்கும் என்று 2019-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. விளக்கு போட்டுப் பகலை நீட்டினால் வெப்ப நாடுகளிலும் வளர்க்கலாமாம். இதையெல்லாம் விளக்கினேன். "விளக்கு போட்டு வளக்குறதா? கரண்ட் பில்லை யாரு கட்டுறது?" என்றார்.

அந்தக் கேள்விதான் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது என்று தோன்றுகிறது. காஷ்மீரில் முளைத்தது, லாஹௌலில் தழைத்தது. மண் கைவிடவில்லை. வாங்குகிற கை இருக்கும் வரை தோட்டம் இருந்தது, அது நகர்ந்ததும் போய்விட்டது. சின்னமனூரிலும் அதேதான் நடந்தது. நான் இங்கே உட்கார்ந்து இதைத் தட்டச்சுவதும் அதனால்தான்.

கருகிய தொட்டியைத் தூக்கிப் போடத் தங்கமணி இரண்டு முறை சொல்லிவிட்டாள். போடவில்லை. அடுத்த மார்ச்சில் மறுபடியும் இரண்டு துளிர் வந்தது. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன்.

"தண்ணி அதிகம் விடாத. மேற்கு வெயில் படாம ஒரு சாக்கைக் கட்டிவிடு. கொடின்னா எளசுல நிழல் வேணும்."

கட்டிவிட்டேன்.